கோர்வை

மார்கழி பிறந்துவிட்டால் என் செல்போனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பெங்களூரிலிருந்து, நியூ ஜெர்ஸியிலிருந்து, அவ்வளவு ஏன், அடுத்த தெருவிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள்.

''லீவுல வந்திருக்கேன். ஒரே ஒரு வாரம்தான். நல்ல கச்சேரி, நல்ல சாப்பாடு, நல்ல புடவை... மூணுக்கும் மூணு அட்ரஸ் சொல்லு!''

நானும் டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று!

இந்த வாரமும் உங்களுக்காக அப்படி ஒரு பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன். போட்டும் விட்டேன். ஆனால், எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பட்டியலுக்கு நடுவே, கையில் வடையோடு ஒரு குற்றவாளி நின்றுகொண்டிருந்தான். அது நான்தான். எப்படி என்று சொல்கிறேன். முதலில் பட்டியல்.

சிபாரிசு 1: மதியம் ரெண்டு மணி

'சீஸன்' என்றால் சாயங்காலம் பெரிய வித்வான், முன் வரிசையில் வி.ஐ.பி., ஹவுஸ்ஃபுல் போர்டு என்றுதான் நினைக்கிறீர்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்பவும் செய்கிறீர்கள். என்னைக் கேட்டால், மதியம் போங்கள். பெரும்பாலான சபாக்களில் அந்த நேரத்துக்கு டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்களுக்கு இருபது, இருபத்தைந்து வயது. பேர் வாங்கியவர்கள் பேரைக் காப்பாற்றப் பாடுவார்கள். இவர்கள் பேர் வாங்கப் பாடுகிறார்கள். அந்தப் பசி குரலில் தெரியும்.

திங்கட்கிழமை மயிலாப்பூர் பக்கம் ஒரு சபா. உள்ளே இருபத்தேழு பேர். (பி.காம். படித்தவனுக்குத் தலையெண்ணும் வியாதி போகாது.) அதில் நாலு பேர் நல்ல தூக்கம். பார்ட்னர்ஷிப் சட்டத்தில் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்று ஒரு அயிட்டம் வரும். முதல் போடுவார், வேலையில் தலையிட மாட்டார். மதியக் கச்சேரியின் ஸ்லீப்பிங் பார்ட்னர்கள் முதலும் போடுவதில்லை!

அந்தப் பெண் கரகரப்ரியா எடுத்தார். ஆலாபனையில் அவசரமே இல்லை. பஞ்சமத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, புது வீட்டுக்குக் குடிவந்தவர் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து பார்ப்பதுபோல் ராகத்தைப் பார்த்தார். 'சக்கனி ராஜ' என்று கீர்த்தனைக்குள் நுழைந்தபோது தூங்கியவரில் ஒருத்தர் விழித்துக்கொண்டார். இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடையாது.

குறையே இல்லையா? இருந்தது. கல்பனா ஸ்வரத்தில் கணக்கு கொஞ்சம் ஜாஸ்தி. ராகம் ஒரு பக்கம், கூட்டல் கழித்தல் ஒரு பக்கம் என்று பிரிந்து போனது. கீழ் ஸ்தாயியில் குரல் களைத்தது. பத்து வருஷத்தில் சரியாகிவிடும். பத்து வருஷம் அவரை மேடையில் வைத்திருக்க நாம் வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஸ்வரம் முடிந்தது. பாடகி தலையசைத்தார். மிருதங்கக்காரப் பையன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தனி ஆவர்த்தனத்துக்குத் தயாரானான்.

அவ்வளவுதான். நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருபத்தேழு பதினொன்றாகியது. எழுந்து போன பதினாறு பேரில் நானும் ஒருத்தன். வாசல் திரையை விலக்கும்போது எதற்கோ திரும்பிப் பார்த்தேன். பையன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

சிபாரிசு 2: கேன்டீன் கீரை வடை

சென்னைவாசிக்கு சபா கேன்டீன் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? மவுண்ட்பேட்டன் மணி ஐயர், அறுசுவை நடராஜன், மின்ட் பத்மநாபன், ஞானாம்பிகா என்று வித்வான்களுக்குச் சமமாகப் பேர் வாங்கிய சமையல்காரர்கள் உள்ள ஊர் இது. ''இந்த வருஷம் எந்த சபாவுல யார் கேன்டீன்?'' என்று விசாரித்துவிட்டுத்தான் கச்சேரி லிஸ்ட்டையே பார்ப்பவர்கள் உண்டு.

அன்றைக்கு நான் ஒதுங்கிய கேன்டீனில் கீரை வடை அற்புதம். கடிக்கும்போது மொறுமொறு, உள்ளே பஞ்சு. கீரை பச்சை மாறாமல் இருந்தது. அசோகா அல்வா திருவையாறு பக்குவம். பாசிப்பருப்பின் வாசம் நெய்யைத் தாண்டி வந்தது. காபி மட்டும் சுமார், பால் தூக்கல். இலைச் சாப்பாட்டுக்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சம் பெரிதாக எதுவும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், மெனுவில் பனீர் எதற்கு? பனீருக்கு வருஷத்தில் பதினோரு மாசம் இருக்கிறதே!

இதெல்லாம் சரி. வடை எப்படி அவ்வளவு சூடாக, நாங்கள் வந்து நிற்கிற அதே நிமிஷத்தில் தட்டில் விழுந்தது?

பரிமாறுகிறவரிடமே கேட்டேன். அறுபதை நெருங்கும் மனிதர். தஞ்சாவூர்ப் பக்கம். வருஷம் முழுக்கக் கல்யாணச் சமையல், டிசம்பரில் இங்கே.

''அதுவா சார்? ஸ்பீக்கர் இங்கயும் கேக்குமே. பாட்டு நின்னு மிருதங்கம் தனியா ஆரம்பிச்சதும் வாணலியை ஏத்திருவோம். ரெண்டு நிமிஷத்துல கூட்டம் வந்துரும்.''

எனக்கு வடை தொண்டையில் நின்றது. அங்கே ஒரு பையன் வருஷக்கணக்கில் கற்றதையெல்லாம் கொட்டி வாசிக்கிறான். இங்கே அது 'எண்ணெய் காயவை' என்கிற சிக்னல்!

''நீங்க உள்ள போய்க் கச்சேரி கேட்டிருக்கீங்களா?''

சிரித்தார். ''எங்க சார்? உள்ள நல்லா நடக்கும்போது இங்க காய் நறுக்கணும். உள்ள கூட்டம் கலைஞ்சா இங்க நிக்க நேரமிருக்காது. எத்தனையோ சீஸன் பாத்தாச்சு. ஹால் வாசலைத் தாண்டினதில்ல.''

சொல்லிவிட்டு சாம்பார் வாளியோடு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். கேன்டீன் வாசலில் கான்ட்ராக்டர் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. மாவு ஆட்டியவர் பேர், வடை தட்டியவர் பேர் எந்த போர்டிலும் இல்லை. இருக்காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தேடினேன்.

சிபாரிசு 3: முதுகைப் பார்த்து வாங்குங்கள்

சீஸனில் மேடையேறும் புடவைகளுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. 'நேத்து அவங்க கட்டியிருந்த அரக்கு' என்று ராகத்தை மறந்தவர்கள்கூட ரகத்தை மறப்பதில்லை. சமீப வருஷங்களில் கனத்த பட்டோடு காட்டன் புடவைகளும் மேடையேறுவதைக் கவனித்தேன். செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரை சுங்குடி எல்லாம் தைரியமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. நல்ல மாற்றம். நாலு மணி நேரம் லைட் வெளிச்சத்தில் வேர்த்துக் கொட்ட உட்காருகிறவருக்குப் பருத்திதான் தோழி.

புதன்கிழமை என் மனைவியோடு எழும்பூர் பாந்தியன் ரோடு கோ-ஆப்டெக்ஸ். 1935-ல் ஆரம்பித்த கூட்டுறவு நிறுவனம். பளபள கடைகளின் ஏ.ஸி. வரவேற்பு, கூல் டிரிங்க்ஸ் உபசாரம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சரக்கைப் பாருங்கள்.

நான் ஒரு மாம்பழ மஞ்சள் பட்டைக் காட்டி, ''இது நல்லா இருக்கே'' என்றேன். என் மனைவி அதை அப்படியே கவிழ்த்துப் போட்டார்.

''என்னங்க, முகத்தைப் பாத்துப் புடவை வாங்கக் கூடாது. முதுகைப் பாக்கணும்.''

அங்கிருந்த விற்பனையாளருக்கு ஏக சந்தோஷம். ''மேடம் கரெக்டா சொல்றாங்க சார்'' என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். காஞ்சிபுரம் பட்டில் உடம்பு ஒரு கலர், பார்டர் வேறு கலர். ரெண்டுக்கும் வேறு வேறு நாடா. ரெண்டு பக்கமும் பார்டர் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் ஒரு ஆள் போதாது, பக்கத்தில் துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். உடம்பின் இழையும் பார்டரின் இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள வேண்டும். புடவை நீளத்துக்கு, ஒரு இடம் விடாமல்.

''இதுக்குப் பேருதான் சார் கோர்வை. தேய்ஞ்சு கிழிஞ்சாலும் உடம்பு கிழியும், பார்டர் கிழியும். சேர்ந்த இடம் விடாது.''

விரலால் தடவிப் பார்த்தேன். பின்பக்கம் அந்த இணைப்பு லேசாகத் தட்டுப்பட்டது. முன்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நல்ல வேலை என்றால் அப்படித்தான். செய்தவர் முன்னால் தெரிய மாட்டார்.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. 2006-ல் 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை வந்தது. ஆனாலும் விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சட்டத்தால் முடியாததைக் கவிழ்த்துப் பார்க்கிற கை கொஞ்சமாவது செய்யும். அதனால்தான் சிபாரிசு: முதுகைப் பாருங்கள்!

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பீரோவைத் திறந்து ஒரு பழைய புடவையை எடுத்தார். மடிப்புக்குள் ஒரு சின்ன அட்டை. 2010-களில் கோ-ஆப்டெக்ஸ் சில புடவைகளோடு நெசவாளரின் போட்டோவும் பேரும் அச்சடித்த அட்டையைச் சேர்த்துக் கொடுத்தது நினைவிருக்கிறதா? புடவை வாங்கி எத்தனையோ வருஷமாகிறது. அட்டையைத் தூக்கிப் போடவில்லை.

''இதை எதுக்கு வெச்சிருக்கே?''

''நமக்காக அத்தனை நாள் உக்காந்து நெஞ்சவங்க. தூக்கிப் போட மனசு வரலைங்க.''

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படம் ஞாபகம் வந்தது. மகளுக்கு ஒரு பட்டுப் புடவை நெய்ய ஆசைப்பட்டு, நூல் நூலாகத் திருடுகிற நெசவாளியின் கதை. அதில் நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. தகுதியான விருது. நெய்கிறவராக நடித்தவரை நாடே தெரிந்துகொண்டது. நெய்கிறவரைத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு சின்ன அட்டை தேவைப்படுகிறது!

மூன்றும் சேர்ந்த இடம்

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஷெல்ஃபில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்தேன். டி.எம்.கிருஷ்ணா எழுதி 2020-ல் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. மிருதங்கம் வாசிப்பவர்களைப் பற்றியது அல்ல. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது.

பலா மரத்தில் கட்டை. அதன்மேல் மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல். வலது பக்கத்தில் கறுப்பு வட்டம் தெரியுமே, அதற்குச் 'சோறு' என்று பேர். கல்லைப் பொடித்து, சாதத்தோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். அதில்தான் நாதமே இருக்கிறது. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் என்ற மேதையின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். மணி ஐயர் பேர் தெரியாத ரசிகர் கிடையாது. பர்லாந்து பேரைச் சொல்லுங்கள், பார்ப்போம்?

அந்தப் புத்தகத்தை வெளியிட முதலில் அனுமதி தந்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கடைசியில் வேறு இடத்தில் விழா நடந்தது. தோலின் சத்தம் வேண்டும், தோலைப் பற்றிய பேச்சு வேண்டாம்!

வாசிக்கிறவர்களுக்கு மட்டும் மரியாதை சுலபமாகக் கிடைத்ததா என்ன? 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி முளைத்த யோசனைதான் 1928-ல் மியூசிக் அகாடமி ஆனது. அதன் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு மிருதங்க வித்வானுக்கு, அதே மணி ஐயருக்கு, கிடைத்தது 1966-ல். வாசித்தவருக்கே அவ்வளவு நாள். செய்தவர் எந்த க்யூவில் நிற்பது?

கல்லூரியில் 'குட்வில்' என்று ஒன்று படித்தோம். கட்டடம் இல்லை, மெஷின் இல்லை, கையில் தொட முடியாது. ஆனால், கம்பெனிக்குப் பெரிய சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் தைரியமாக ஒரு தொகை போடுவார்கள். அந்த நல்ல பேரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யார் யார் என்று எந்தக் காலத்திலும் எழுத மாட்டார்கள். 2017-ல் யுனெஸ்கோ நம்ம சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. எவ்வளவு பெரிய குட்வில்! அதில் மதியம் ரெண்டு மணிப் பையனின் பங்கு எவ்வளவு? வாணலிக்காரர் பங்கு? தறிக்காரர் பங்கு?

ஊரைக் கேட்கிறேனே, என் கணக்கு என்ன? இத்தனை வருஷமாக டிசம்பர்தோறும் கீரை வடை பற்றி எழுதியிருக்கிறேன். காபியில் பால் தூக்கல் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது, ஒரு மதியக் கச்சேரியின் மிருதங்கக்காரர் பேரை எழுதியிருக்கிறேனா? பழைய ஃபைல்களைப் புரட்டினேன். இல்லை. திங்கட்கிழமைப் பையன் பேராவது தெரியுமா? அதுவும் தெரியாது. போர்டில் இருந்தது. நான் வடை தின்றுவிட்டு வருவதற்குள் அடுத்த கச்சேரிக்காக அழித்துவிட்டார்கள்.

'தனி போர் அடிக்குது சார்' என்பீர்கள். பாதி நியாயம். பல ஹால்களில் மைக்கை அலறவிட்டு மிருதங்கத்தைத் தகர டப்பா ஆக்கிவிடுகிறார்கள். மேடையில் இருக்கிற பாடகரே தாளத்தைக் கடனுக்குப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்கே அக்கறை இல்லாதபோது நமக்கு எப்படி வரும்? சபாக்காரர்கள் ஸ்பீக்கரைக் குறைக்கலாம். பாடகர்கள் பக்கத்தில் வாசிப்பவரைப் பார்க்கலாம். அழைப்பிதழில் கடைசியில் ஒரு வரி சேர்த்து, மிருதங்கம் செய்தவர் பேரையும் போடலாம். பைசா செலவில்லை!

மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி அதே சபா, அதே ரெண்டு மணி. வேறு குழு. இந்தத் தடவை மிருதங்கத்தில் ஒரு பெண். மிச்ர சாபு தாளத்தில் தனி ஆரம்பித்தது. வழக்கம்போல் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் ரெண்டு நிமிஷம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏழு ஏழாக எண்ணிப் பார்த்தேன், தப்பிப்போனது. எண்ணுவதை விட்டேன். அப்புறம்தான் காதில் விழ ஆரம்பித்தது. வலது கையில் மணி மாதிரி ஒரு சத்தம், இடது கையில் அடிவயிற்றிலிருந்து வருகிற கும்காரம். நடை மாறியது, வேகம் ஏறியது. மோரா வாசித்தார். கடைசியில் ஒரு கணக்கை எடுத்து மூன்று முறை வாசித்தார். மூன்றாவது முறை முடிந்த இடமும், பாடகர் பாட்டை எடுத்த இடமும் ஒரு இழை பிசகாமல் கைகோத்துக்கொண்டன. எது எங்கே முடிந்தது, எது எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் தொடையில் தட்டி, ''ஆஹா! என்ன கோர்வை!'' என்றார்.

சட்டென்று திரும்பினேன். ஆமாம், மிருதங்கத்திலும் அதற்குப் பேர் கோர்வைதான்!

வெளியே வந்து போர்டைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பேரைக் குறித்துக்கொண்டேன். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு மறந்துவிடுவீர்கள். மதியம் ஒரு நாள் நீங்களே போங்கள். தனி முடிகிற வரை உட்காருங்கள். வெளியே வந்து போர்டைப் படியுங்கள், அழிப்பதற்குள்!

கேன்டீனுக்குப் போனேன். வடை தீர்ந்துபோகவில்லை. ஆனால் ஆறிப்போயிருந்தது. பெரியவர் அடையாளம் கண்டுகொண்டு, ''என்ன சார், இன்னிக்கு லேட்டு?'' என்றார்.

''தனி கேட்டுட்டு வந்தேன். வாங்க, நாலு மணிக் கச்சேரி ஆரம்பிக்கப்போகுது. அஞ்சு நிமிஷம் உள்ள வந்து உக்காருங்க.''

வாளியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ''இருக்கட்டும் சார். ஆனா அடுத்த தடவை தனி நடக்கும்போது, அஞ்சு நிமிஷம் கழிச்சு வாணலி ஏத்தச் சொல்றேன்'' என்றார்.

ஆறிய வடையும் நன்றாகத்தான் இருந்தது.